ஆறு பெறுநர்களும் ஒரு சக்கர நாற்காலியும்

மகத்தான எந்தப் பணியும் ஒரு தனி மனிதனின் தோளில் நிற்கக்கூடாது என்பது சான்றோர் கண்ட உண்மை. கிழக்குக் கரைத் தமிழர் நேய மன்றத்தின் செயற்குழு அந்த உண்மையைக் கண்டடைய ஒன்றே முக்கால் மணி நேரமும் இருபத்திரண்டு வடைகளும் தேவைப்பட்டன. மகத்தான பணி என்னவென்றால், மன்றத்தின் இணையப் பக்கத்தில் யாராவது படிவம் நிரப்பினால் அந்த மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்பது.

அதுவரை செயலாளர் ஜெயரத்தினத்துக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். படிவம் வந்த பத்தாவது நிமிடம் பதில் போய்விடும். வருடத்தில் இரண்டு மூன்று பேர் மன்றத்தின் ஒரே சக்கர நாற்காலியை இரவல் கேட்பார்கள், மற்றதெல்லாம் விளம்பரம். விளம்பரங்களுக்கும் அவர் ‘தங்கள் மேலான கடிதம் கிடைத்தது’ என்று எழுதுவார்.

“ஒருத்தருக்கு மட்டும் போறது ஜனநாயகம் இல்லை. எனக்கும் நேரா வரணும்” என்றார் தலைவர் பரமசிவம்.

தலைவருக்கு வந்தால் துணைத் தலைவருக்கு வர வேண்டும். அவருக்கு வந்தால் பொருளாளர் மட்டும் வடை வாங்கிவரவா இருக்கிறார்? இப்படியே ஆறு பேர் ஆயிற்று.

இணையப் பக்கத்தைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் அனுப்ரியா மடிக்கணினியைத் திறந்தாள்.

“ஈஸி அங்கிள். ஒரு மெயில் ஐடி, கமா, அடுத்த ஐடி, அவ்ளோதான் லா. செக்ரெட்டரி அங்கிள் மேல இருக்கட்டும். மத்தவங்களை சிசில போட்டுடுறேன்.”

“சிசின்னா?”

“காப்பி, அங்கிள்.”

“தலைவருக்கு நகலா?” என்றார் பரமசிவம்.

ஆறு பேரையும் ‘பெறுநர்’ என்ற மேல் வரியிலேயே போட்டாள். “யார் ரிப்ளை பண்றதுன்னு பேசி வச்சுக்குங்க. இல்லாட்டி அவர் பார்ப்பார், இவர் பார்ப்பார்னு எல்லாரும் விட்டுடுவீங்க.”

“நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?” என்று பரமசிவம் சிரித்தார். கூட்டம் கலைந்தது.

இந்தக் கூட்டம் நடந்தது சிங்கப்பூரின் பிடோக்கில், பரமசிவம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே. மன்றத்துக்கென்று லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல் அறை உண்டு, லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கான நாற்காலியையும் அந்த மாடியில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் நான்கு மாதமாகத் தலைவர் ‘மக்களோடு மக்களாக’ என்று சொல்லிக் கூட்டங்களைத் தன் புளோக்கடிக்கு இறக்கிவிட்டார். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். கடைசி ஆள் போகும்வரை எழமாட்டார். அந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்டிப் பொருளாளர் ஒரு கவிதைகூட எழுதியிருந்தார்.

புதன்கிழமை ஒரு படிவம் வந்தது. அனுப்பியவர் பாக்கியலட்சுமி.

‘வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஞாயிறு காலை காத்தோங் பிள்ளையார் கோயிலில் மகள் கல்யாணம். வாடகைக் கடையில் எல்லா நாற்காலியும் புக் ஆகிவிட்டது. கிடைக்காவிட்டால் நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறார்.’

உடனே அவருக்குத் தானியங்கிப் பதில் போயிற்று: ‘தங்கள் விண்ணப்பம் ஆறு பொறுப்பாளர்களின் நேரடிக் கவனத்துக்குச் சென்றுள்ளது.’

துணைத் தலைவர் படித்துவிட்டு, ஜெயரத்தினம் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியானார். பொருளாளர், தலைவர் இருக்கும்போது தான் முந்துவது மரியாதையில்லை என்று நினைத்தார். மற்ற இருவரும் அப்படியே. ஜெயரத்தினத்தின் விரல்கள் ‘தங்கள் மேலான’ வரை தட்டிவிட்டன. அப்போதுதான் மேல் வரியில் தன் பெயர் நான்காவதாக இருப்பதைக் கண்டார். அழித்தார். ஜனநாயகம் பதில் போடட்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அதே பெயரில் இன்னொரு படிவம்.

‘ஐயா, ஆறு பேர் பார்த்ததாக வந்தது. யாராவது ஒருத்தர் சொல்லுங்கள். இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள்.’

ஜெயரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினார். நகைக்கடை மாடியில் மூச்சு வாங்க ஏறிக் கதவைத் திறந்தால், நாற்காலி இருந்த இடத்தில் அதன் உறை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பரமசிவத்துக்குப் போன் போட்டார்.

“அது… சர்வீஸுக்குப் போயிருக்குங்க.”

“எந்தக் கடைக்கு?”

“நம்ம பக்கம்தான்.”

நம்ம பக்கம் என்றால் பிடோக். ஜெயரத்தினம் திரும்பவும் ரயில் ஏறி நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். மரக்கதவு திறந்திருந்தது. இரும்புக் கதவின் கம்பிகளுக்கு அப்பால், மன்றத்தின் சக்கர நாற்காலியில், முழங்காலில் ஈரத்துண்டு சுற்றியபடி பரமசிவம் உட்கார்ந்திருந்தார்.

பரமசிவம் நாற்காலியை உருட்டி வந்து இரும்புக் கதவைத் திறந்துவிட்டார்.

“முட்டி போயிடுச்சு, ஜெயா. நாலு மாசமாச்சு. மேடைக்கு ஏற ஒருத்தர் கையைப் பிடிச்சா, அடுத்த தேர்தல்லயே அனுப்பி வச்சுடுவாங்க.”

“இதுக்கா படிவம் உங்களுக்கு நேரா வரணும்னீங்க?”

“யாராச்சும் கேட்டா, உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மாடியில கொண்டுபோய் வச்சுடலாம்னு நினைச்சேன்.”

“புதன்கிழமையே கேட்டாங்களே.”

“எழுந்தேன்யா. ரெண்டு தடவை எழுந்தேன். இதை மாடி ஏத்தணும்னா நான் நடக்கணுமே!”

ஜெயரத்தினத்துக்குக் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் நிறைய இருந்தது. தான் பதில் போடாத காரணத்தைத் தன்னிடமும் யாராவது கேட்கலாம் என்று தோன்றியதால் கேட்கவில்லை. பரமசிவத்தைக் கைத்தாங்கலாக சோபாவுக்கு மாற்றினார்.

“அந்தம்மா வீடு எங்க?” என்றார் பரமசிவம்.

“நாலு புளோக் தள்ளி.”

வெற்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜெயரத்தினமே போனார். பாக்கியலட்சுமி கதவைத் திறந்து, “ஆறு பேர்ல நீங்க யாருங்க?” என்று கேட்டார்.

“நாலாவது ஆள்மா” என்றார் ஜெயரத்தினம்.

ஞாயிறன்று தாலி கட்டும்போது பெண்ணின் அப்பா முன்வரிசையில் இருந்தார். ஒரு கையால் வீசிய அட்சதையில் பாதி அவர் மடியிலேயே விழுந்தது. அதையும் பொறுக்கி மறுபடி வீசினார்.

அன்று மாலை ஜெயரத்தினம் அனுப்ரியாவைக் கூப்பிட்டார். நாற்காலிப் படிவம் மட்டும் இனித் தனக்கே வரட்டும், மற்றவை ஆறு பேருக்கும் போகட்டும் என்றார். விளம்பரங்கள்தானே. அவள் ஐந்து முகவரிகளை அழித்தாள். அரை நிமிட வேலை.

திங்கட்கிழமை காலை நாற்காலி கேட்டு ஒரு படிவம் வந்தது. பெயர் பரமசிவம். பதவி என்ற கட்டம் காலியாக இருந்தது. காரணம்: முழங்கால். எந்தத் தேதியிலிருந்து தேவை என்ற கட்டத்தில், நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு தேதி இருந்தது.