வெளியே போகாத தண்ணீர்

1

"ஏண்டி இங்குன், காருக்குள்ள மீன் வளக்கிறியா?"

கார்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுத்துறையின் கடையில் காபியும் சாஸேஜும் விற்கும் போர்கில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கார் கண்ணாடியைத் தட்டி, நான் இறக்கியதும் தலையை உள்ளே விட்டுக் கேட்டாள். என் கால்கள் ரப்பர் பூட்ஸுக்குள் இருந்தன. பூட்ஸ் தண்ணீருக்குள் இருந்தது. மடியில் நோட்டு இருந்தது. அதை மட்டும் கோட்டுக்குள் தள்ளிவிட்டேன்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில்கள் நாலு மணி நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். இந்தக் கதையை அவளுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் தாமதம்.

அவசரமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. இன்று வெள்ளி. நாளைக் காலை அப்பா இந்தக் காரைப் பழைய இரும்புக்கு நசுக்கக் கொடுக்கப் போகிறார். இந்தக் காரைத் தவிர நான் எழுதுவதற்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது.

2

தொடக்கங்கள்.

(அ) "எங்கள் மேற்குக் கரையில் மழை என்பது" — நிறுத்திவிட்டேன். இங்கே யாராவது மழையைப் பற்றி எழுதுவார்களா?

(ஆ) "ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரு சிவப்புக் கார் இருந்தது. அந்தக் கார்" — கதைப் பெண் என்னைவிட நன்றாகப் பேசத் தொடங்கினாள். பிடிக்கவில்லை.

(இ) "நான் பள்ளியை விட்ட அன்று அப்பா என்னை" — இதற்குப் பிறகு இருந்த அரைப் பக்கம் இப்போது ஒரு நீலக் குளம். நாலாவது நோட்டில் மை பேனாவால் எழுதினேன், நோட்டை முன் சீட்டுக்கு அடியில் வைத்தேன், தண்ணீர் வாசித்துவிட்டது.*

* முதல் மூன்று நோட்டுகளுக்கும் அதே கதிதான். இந்த ஐந்தாவதைப் பென்சிலால் எழுதுகிறேன். பென்சில் கரையாது.

போர்கிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் என் முகத்துக்கு நேராகக் கேட்டது "ஐயோ, என்ன இவ்ளோ தண்ணி?" என்று மட்டும்தானோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. நான் பேசாமல் விட்ட கேலிகளையெல்லாம் அடுத்தவர் வாயில் போட்டு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் மீன் வாசகம் அவளுடையதேதான். அவள் கடைக்குத் திரும்பிப் போகும்போது வரிசையில் நின்ற லாரிக்காரரிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கேட்டது. எனக்கு எல்லாம் கேட்கும்.

3

இப்போது (இ)-யை மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.

நான் பள்ளியை விட்ட அன்று அப்பா என்னை இந்தக் காரில்தான் அழைத்து வந்தார். அன்று வகுப்பில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பனியாறுகளைப் பற்றி. எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். முன்னால் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஆசிரியை நல்லவர், "அவசரமில்ல, மெதுவா" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடமும் நின்றேன். முழுதாக ஐந்து. பிறகு போய் உட்கார்ந்தேன். மதிய இடைவேளையில் அப்பாவுக்கு "வாங்க" என்று ஒரு வார்த்தைச் செய்தி அனுப்பினேன். மறுநாள் முதல் போகவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. "பிடிக்கல" என்று மட்டும் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவே இல்லை. நாற்பது நிமிடப் பயணத்தில், "பசிக்குதா?" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அது கருணையா, அக்கறையின்மையா என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். கதாபாத்திரமாக அப்பா எனக்குச் சரியாக வராததற்கு இதுதான் காரணம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி எழுதுவது?

தெரிந்ததை எழுதுகிறேன். பெயர் ஒட்லைவ். கூரை போடும் தச்சர். உள்ளங்கை பலகை மாதிரி இருக்கும். படிக்க மட்டும் கண்ணாடி போடுவார். நான் அக்கரையில் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்ததும் (துவைக்கும் இயந்திரங்கள் நம்மிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை) இந்தக் காரை எனக்கே கொடுத்தார். கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் அதன் அடியில் ஆட்டுத்தோலை விரித்து மல்லாந்து படுத்துத் துருப்பிடிக்காமல் இருக்க மெழுகு மருந்து அடித்தார். எங்கள் ஊரில் கார்கள் வயதாகிச் சாவதில்லை. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பில் துருப்பிடித்துத்தான் சாகும். ஒவ்வொரு ஆணும் இலையுதிர் காலத்தில் ஒரு வார இறுதியைக் காருக்கு அடியில் கழிப்பான்.

"இனிமே ஒரு சொட்டு உப்புத் தண்ணி ஏறாது பாரு," என்று எழுந்து வந்தார். முகமெல்லாம் மெழுகு.

அவர் கொடுத்ததிலேயே பெரிய பரிசு. எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் தம்பிகள் இரண்டு பேர், டிரம்ஸ் ஒன்று, அட்டை மாதிரிச் சுவர்கள். காரிலோ, தினமும் படகு வரிசையில் இருபத்தைந்து நிமிடம். கதவைச் சாத்தினால் யாரும் இல்லை. அங்கேதான் நாலு நோட்டு நிரம்பியது.

4

தண்ணீர் இரண்டாவது வாரமே வந்தது. முதலில் கால்மிதி நனைந்தது. பிறகு ஓட்டுநர் பக்கம் ஒரு குட்டை. கண்ணாடிகள் உட்பக்கமாக வேர்த்தன. ஈரக் கம்பளி நாற்றம்.

அப்பா கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை மாற்றினார். தண்ணீர் வந்தது. பீடிங்குக்கு மேல் சிலிக்கான் பூசினார். இன்னும் அதிகமாக வந்தது. கண்ணாடி ஓரத்தில் கூரைக்கு ஒட்டும் கறுப்பு நாடாவை ஒட்டினார். பூனை கழிவதற்கு வைக்கும் மணலைப் பழைய காலுறையில் கட்டி உள்ளே போட்டார், ஈரத்தை உறிஞ்ச. காலுறை மிதந்தது.

"முப்பது வருஷமா கூரை போடுறேன். ஒரு வீடு ஒழுகினதில்ல. இந்தத் தகர டப்பா எனக்கே தண்ணி காட்டுது!"

"குடை பிடிச்சு ஓட்டச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"சிரி. நல்லா சிரி. பிள்ள கால் விறைச்சுப் போய் வருது."

(பாருங்கள், இந்த வரியை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். என் கால் விறைத்ததை நான் அவரிடம் சொன்னதில்லை.)

போன ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தார். "சனிக்கிழமை கொண்டு போய் நசுக்கக் குடுத்துடறேன். நீ பஸ்ல போய்க்க. ஈரத்துல உக்காந்து உனக்கு நெஞ்சுச் சளி வந்தா யாரு பாக்கறது?"

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் உண்டு. பக்கத்து இருக்கைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

5

நேற்று, வியாழன், படகு வரிசையில் நல்ல மழை. முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது, நானும் நகர்ந்து பிரேக் போட்டேன். என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் (எங்கள் ஊர்க் கார்களில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்) யாரோ வாளியைத் தூக்கி நடப்பது போல ஒரு சத்தம். களக்.

மறுபடி நகர்ந்தேன். பிரேக். களக்.

கதவுக்குள்.

இறங்கிப் பார்த்தேன். வரிசையில் ஒன்பது கார்கள். எட்டுக் கார்களின் கதவுகளும் அடி ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடி வழியே இறங்கும் மழை கதவுக்குள் விழுந்து, கீழே உள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. எல்லாக் கதவுக்குள்ளும் தண்ணீர் போகத்தான் செய்கிறது. போய், வெளியே வந்துவிடுகிறது. எங்கள் கார் மட்டும் சொட்டவில்லை. கதவின் அடியில் விரலை ஓட்டினேன். துளைகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் மெழுகு. வழவழப்பாக, பொறுமையாக, ஒரு கூரைத் தச்சனின் வேலைத் திறமையோடு அடைக்கப்பட்டிருந்தது.

நிரம்பிய கதவு வழிந்தால் காருக்குள்ளேதான் வழியும். சில நாட்களாகக் கதவைத் தோளால் இடித்துச் சாத்த வேண்டியிருந்ததன் காரணமும் புரிந்தது. கதவு அவ்வளவு கனம்.

ஆக, அவருடைய மெழுகுதான் அவருடைய பரிசைக் கெடுத்தது. இதை நான் அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை நீட்டும்போது சொல்லப் பார்த்தேன். "அப்பா" வரை வந்தது. "என்னம்மா, உப்பா?" என்று உப்பை எடுத்துக் கொடுத்தார்.

நாளை சனிக்கிழமை. இந்தக் கதைக்கு முடிவு என் கையில் இல்லை. என் வாயில் இருக்கிறது. அதுதான் பயம்.

6

(இங்கிருந்து எழுத்து சற்று மாறியிருக்கும். இது சனிக்கிழமை மாலை.)

காலையில் நான் துணிந்து அப்பாவின் முன் போய் நின்றேன், என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நடந்தது வேறு. வாசலில் அவர் காரைக் காலி செய்துகொண்டிருந்தார். டிக்கியிலிருந்து பனி சுரண்டும் சட்டுவம், கயிறு, ஃபிளாஸ்க். பக்கவாட்டுப் பையிலிருந்து என் பின்னல் வேலை. பிறகு குனிந்து கையை முன் சீட்டுக்கு அடியில் விடப் போனார்.

அங்கேதான் நோட்டுகள் ஐந்தும் இருந்தன. இதுவும் சேர்த்து. நேற்று இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி வைத்தது.

எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தக் கையை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

"அப்பா!"

நிமிர்ந்தார். அவ்வளவு சத்தத்தை அவர் என்னிடம் கேட்டதில்லை. "என்னம்மா, என்னாச்சு?"

"தண்ணி…"

"ஆமா, தண்ணிதான். அதனாலதானே கொண்டு போறேன்."

"உள்ள வர்றது தப்பில்லப்பா. வெளிய போகமாட்டேங்குது. கதவுக்கு அடியில ஓட்டை இருக்கணும். எல்லாக் கார்லயும் இருக்கு. நீங்க… மெழுகு வச்சு…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவைப்படவில்லை. அவர் காரைப் பார்த்தார். கதவைப் பிடித்து லேசாக ஆட்டினார். களக். குனிந்து கதவின் அடியில் விரலை ஓட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் பின்னல் ஊசியைக் குடு."

மண்டியிட்டுக் குத்தினார். மெழுகுக் கட்டி தெறித்து விழுந்தது. பழுப்புத் தண்ணீர் அவருடைய முன்பக்கம் மூடிய மரச் செருப்புக்குள் பாய்ந்தது. நிற்கவே இல்லை. அடுத்த துளை, அடுத்த கதவு. வாசல் சரளையில் ஓடை மாதிரி ஓடி, பக்கத்து வீட்டு வேலி வரை போனது.

"அடப்பாவி," என்றார் தன்னைத்தானே. "கூரை போடத் தெரிஞ்சவன் வடிகால அடச்சிருக்கேன். என் பட்டறையில ஒருத்தன் இப்படிச் செஞ்சிருந்தா ஏணியோட கீழ தள்ளியிருப்பேன்."

"உப்பு ஏறக்கூடாதுன்னுதானேப்பா."

"ஏறலியே! ஒரு சொட்டு உப்பு ஏறல!" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். ஈரக் காலுறையோடு வாசலில் உட்கார்ந்து சிரித்தார். நானும். கடைசியாக நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது எப்போது என்று நினைவில்லை.

"ஒரு எடத்துக்கும் கொண்டு போக வேணாம்," என்றார். "காய வச்சா போதும். போ, பழைய துண்டெல்லாம் எடுத்துட்டு வா."

போனேன். நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி அப்போதே இறங்கியிருந்தது. அதனால்தான் சீட்டுக்கு அடியில் இருந்ததை மறந்துவிட்டேன்.

7

கையில் ஏழு துண்டுகளோடு திரும்பி வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. அப்பா உள்ளே, ஓட்டுநர் இருக்கையில். முன் கண்ணாடிக்குக் கீழே, சூட்டுக்காற்று வரும் இடத்தில், என் ஐந்து நோட்டுகளும் கூடாரம் கூடாரமாக விரித்து நிறுத்தியிருந்தன. அவ்வளவுதான் பார்த்தேன். அதற்குள் ஈரமெல்லாம் எழுந்து கண்ணாடிகள் உட்பக்கமாக மூடிக்கொண்டன. கார் ஒரு வெள்ளைப் பெட்டி ஆனது.

மழை தூறியது. துண்டுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிவுகள்.

(அ) அவர் படிக்கவில்லை. படிக்கும் கண்ணாடி சமையலறையில் இருந்தது. சூட்டுக்காற்றைக் காவல் காத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

(ஆ) படிக்கும் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. முதல் நாலு நோட்டுகளும் நீலக் குளங்கள். பென்சிலால் எழுதிய இது ஒன்றுதான் படிக்கும்படி இருந்தது. அப்படியானால் நீங்கள் ஐந்தாம் பகுதி வரை படித்ததைத்தான் அவரும் படித்தார்: மீன், கடிகாரம், ஐந்து நிமிடம், கருணையா அக்கறையின்மையா.

(இ) படிக்கத் தொடங்கி, மூன்றாம் பகுதியில் தன் பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டார். அடுத்தவர் வீட்டுக்குள் கூரை வழியாக எட்டிப் பார்ப்பது தச்சர்களுக்கு வழக்கமில்லை.

சமையலறை மேசையில் படிக்கும் கண்ணாடி இருக்கிறதா என்று இரண்டு எட்டு வைத்தால் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கப் போவதில்லை. மூன்றில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை எனக்குச் சொல்ல வேண்டாம். எது நடந்திருந்தாலும் எனக்குப் பரவாயில்லை என்று தூறலில் நின்றபோது தெரிந்தது. இரண்டு வருடமாக அந்தக் கதவைப் போல நான் உள்ளே களக் களக் என்று சுமந்த ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். நான் வாய் திறக்காமலே.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கால் மணி நேரம் கழித்து அப்பா இறங்கினார். துண்டுகளை என் தலையிலிருந்து எடுத்து, ஒன்றை மட்டும் என் தோளில் போட்டார். மற்றவற்றைக் கூரைமேல் வைத்தார். வழக்கம்போலத் தோளைக் கொடுத்துக் கதவை இடிக்கப் போனவர், அது இப்போது கனமில்லை என்று நினைவு வந்து, இரண்டு விரலால் தள்ளினார். க்ளிக் என்று சாத்திக்கொண்டது, தூங்குகிறவர் அறைக் கதவைப் போல. அடி ஓரத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மரச் செருப்பு ஈரத்தில் சத்தம் போட வீட்டுக்குள் போனார்.