ஜன்னல் பக்கத்து விரிப்பு

இல்லை, இது தேய்வாக இருக்காது, சாயம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான்... என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவள் விரிப்பைப் பின்கட்டுச் சுவரின் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள், ஆனால் சாயம் இப்படிக் கோடு கிழித்த மாதிரியா வெளுக்கும், அதுவும் எப்போது போனாலும் ஜன்னல் மூடிக் கிடக்கும் அறையில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில்? பக்கத்தில் நின்ற விரிப்புக் கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். ஏதோ ஒரு விடுதியின் படிக்கட்டுகளுக்குப் பன்னிரண்டு விரிப்பு வேண்டுமாம், புதிதாக இருக்கும்போது எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும், நாலைந்து வருடம் மிதிபட்டது ஒன்றைக் காட்டினால் முடிவு சொல்கிறேன் என்று வந்திருந்தார். நெய்ததெல்லாம் விற்றுப் போயிற்றே என்று முதலில் கையை விரித்தவள், பிறகு நினைவு வந்து, மாமியார் அறையில் ஒன்று கிடக்கிறது, இந்தத் தறியில் நெய்த முதல் விரிப்பு, நாலு வருடம் ஆகிறது, ஆனால் மிதிபடாதது, சாயம் நிற்கிறதா என்று வேண்டுமானால் பாருங்கள் என்று சுருட்டி எடுத்து வந்தாள். "மிதிபடாததா? நல்லாவே மிதிபட்டிருக்கும்மா," என்றார் அவர். "இங்க பாருங்க, போறதும் வர்றதும் ஒரே தடம். ஆனா நெடுக்குப் பாவு ஒரு இழைகூட அறுபடல. எனக்கு இது போதும்." பன்னிரண்டையும் நீங்களே நெய்யுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மாமியார், படுத்த படுக்கை, என்றாள் அவள். கடைக்காரர் அவளை ஒரு முறை பார்த்தார், விரிப்பை ஒரு முறை பார்த்தார், பிறகு காலில் போட்டிருந்த செருப்பையே தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

அவர் போய்விட்டார், அவள் மட்டும் சுவரோரம் நிற்கிறாள், பன்னிரண்டு விரிப்புக்கு வேலை கிடைத்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவு நூலை முரசு மாதிரி இழுத்துக் கட்டி, குறுக்கே ஓடும் ஊடையை ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று அடி அடித்து நெய்தது, தண்ணீர் ஊற்றினால்கூட யோசித்துத்தான் உள்ளே இறங்கும், சும்மா கிடந்தால் இருபது வருடத்துக்கு ஒன்றும் ஆகாது... சும்மா கிடந்தால். கட்டில் பக்க ஓரத்தில் இரண்டு குழிவு, உட்கார்ந்து காலை ஊன்றுகிற இடம். அங்கிருந்து ஒரு தடம், ஜன்னல் பக்க ஓரத்தில் இன்னும் இரண்டு, அங்கே கம்பளி அழுந்தித் தட்டையாகி, மெருகே ஏறியிருக்கிறது, ரொம்ப நேரம் நின்றால்தான் அப்படி ஆகும். இடது பாதம் நேராகப் பதிந்திருக்கிறது, வலது பாதம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, மயிர் எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து... தன்னுடைய காலோ? இல்லை, தூக்குவது, புரட்டுவது, துடைப்பது எல்லாம் வாசல் பக்கம் நின்றுதான், ஜன்னல் பக்கம் வாரத்துக்கு ஒரு தடவை பெருக்கப் போவாள், விரிப்பை அரையிருட்டிலேயே மடக்கித் தட்டி மறுபடி போட்டுவிடுவாள். நாத்தனாரா? அவள் வருடத்துக்கு ஒரு முறை வந்து கதவோர நாற்காலியில் மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். பூனை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், வெட்கமாக இருந்தது, இந்தக் கம்பளியைத் தேய்க்க வேண்டுமானால் அந்தப் பூனை லாடம் அடித்துக்கொண்டு வர வேண்டும்.

ஆக, நடக்கிறாள். நாலு வருடம்... எப்படி? வெந்நீர் வைத்து, துணி நனைத்துத் துடைத்து, அக்குளில் கைகொடுத்துப் புரட்டி, மலச்சட்டி எடுத்து, தன் முதுகெலும்பு விண்விண்ணென்று தெறிக்க... அதையெல்லாம் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் பார்க்க ஏதாவது நிறம் இருக்கட்டுமே என்று இவள் பாசத்தோடு கொண்டுபோய்ப் போட்ட விரிப்பின் மேலேயே. புருஷன் போய்ச் சேர்ந்த மறு மாதம் அண்ணன் வண்டியோடு வந்து நின்றான், பெட்டி கட்டியாயிற்று, அண்ணன் வீட்டில் இடம் தயாராக இருந்தது, சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில், அண்ணன் குழந்தைகள் இரண்டுக்கும் ஆள் வேண்டும் என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் குளியலறையில் தொப்பென்று சத்தம். இடுப்பெலும்பில் விரிசல் என்றார் டாக்டர், படத்தைக் காட்டினார், அது பொய்யில்லை, அவளே கண்ணால் பார்த்தாள், எழுந்து நடந்தாலும் நடக்கலாம், சொல்ல முடியாது என்றார். பெட்டியைத் திரும்ப இறக்கினார்கள். நாலாவது மாதம் தறியை வாங்கி முன்னறையில் போட்டாள், வீட்டோடு இருந்து வேறு என்ன பிழைப்புப் பார்க்க முடியும், கல்யாணத்துக்கு முன் பட்டறையில் கற்றது கையில் இருந்தது. அண்ணன் மாதம் தவறாமல் போன் செய்கிறான், எடுத்ததும் அதே கேள்வி, அவங்க நடக்கிறாங்களா என்று...

தறி! குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும்போதெல்லாம் வீடு முழுக்கக் கேட்கும் அந்தச் சத்தம், அது ஓடுகிறவரை இவள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம், மிதிகட்டையிலிருந்து காலை எடுக்க முடியாது என்று அர்த்தம். இழை அறுந்து முடிச்சுப் போட நிறுத்தினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும், ஏம்மா நின்னுடுச்சு, என்ன ஆச்சு என்று. தன் வேலையின் மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்து போனாளே, சாயக்காரரிடம்கூடப் பெருமையாகச் சொன்னாளே... ஐயோ, அடுத்த அடி எடுத்து வைக்கலாமா என்று கேட்ட குரலா அது?

விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்ன கேட்க வேண்டும் என்று நடைவழி நெடுக வார்த்தைகளைக் கூர்தீட்டிக்கொண்டு போனவள் கட்டிலருகே நின்றதும் வெறுமையானாள். மாமியார் விரிப்பைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், மூடிய இமை துடித்தது.

"எத்தனை நாளா அத்தை?"

"மூணு மாசம் நெசமாவே முடியலம்மா. அப்புறம் ஒரு நாள் நின்னு பார்த்தேன், நிக்க முடிஞ்சுது. உன்னக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அப்போதான் முத முதலா நீ தறியில உக்காந்து அடிச்ச." கண்ணைத் திறக்காமலே பேசினாள். "நான் எந்திரிச்சிட்டேன்னா உங்கண்ணன் வண்டி வந்துடும்ல."

என்னைக் கட்டிப் போட்டாயா, எனக்காகப் படுத்தாயா, எதைக் கேட்பது, இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும்? கேட்கலாம் என்று பார்த்தால் நெஞ்சுக்குள் அண்ணனின் போன்தான் மணியடிக்கிறது, போன மாதம் அவன் கேட்டபோது தான் சொன்னது, "எங்க நடக்கிறது அண்ணா, அப்படியேதான் கிடக்காங்க," அந்தக் குரலில் அலுப்பா இருந்தது? நினைத்துப் பார்த்தாள். அலுப்பு இல்லை.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடுவியா?" என்றாள் மாமியார்.

அவள் விரிப்பைக் கீழே போட்டாள். "எந்திரிங்க அத்தை. நான் பார்க்கணும்."

மாமியார் எழுந்தாள், வழக்கமாக இரண்டு தலையணையும் அரை நாழிகையும் பிடிக்கிற வேலை, ஒரு மூச்சில் எழுந்து காலைத் தொங்கப் போட்டாள். பழக்கத்தில் குனிந்து அந்தக் கால்களைப் பிடித்து விரிப்பின் மேல் வைத்தாள் அவள், கை குதிகாலில் நின்றுவிட்டது. சொரசொரப்பு. நடக்கிறவர்களுக்கு இருக்கிற, ஓரம் வெடித்த, தோல் தடித்த குதிகால். வருடக்கணக்கில் படுத்தே கிடக்கிறவர்களின் பாதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய அப்பா இரண்டு வருடம் கிடந்தார், கடைசியில் பாதம் கன்னம் மாதிரி மழமழவென்று... தெரியும்தானே? தினமும் காலையில் இந்தப் பாதங்களுக்கு எண்ணெய் தேய்ப்பது இதே கைதானே, ஆயிரம் இழைப் பாவில் ஒரே ஒரு தடித்த இழையைக் கண் பார்க்காமல் கண்டுபிடிக்கிற கை? போன வெள்ளிக்கிழமைகூட இந்த வெடிப்பில் துண்டின் நூல் ஒன்று சிக்கிக்கொண்டது, வலிக்காமல் நகத்தால் எடுத்துவிட்டாள், எடுத்துவிட்டு, அந்தக் குதிகாலைக் கையில் வைத்துக்கொண்டே, புதுச் சிவப்புச் சாயத்தைப் பற்றி ஏதோ பேசினாள்... வேகமாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.