தலைக்கு ஏழு படிகள்

1. வட்டம்

இந்தக் கதை நான் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சும்மா கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக்குக் கீழே, சீப்புகளுக்கு நடுவே ஒரு நோட்டு. பக்கம் பக்கமாக வட்டங்கள்.

"தலை வரையக் கத்துக்கறேன் சார்," என்றார் முடிதிருத்துபவர். "மொத்தம் ஏழு படி. முதல்ல வட்டம், அப்புறம் அதோட ரெண்டு பக்கத்தையும் லேசா சீவணும், இப்படியே போகும். புத்தகத்துல போட்டிருக்கு."

2. பக்கங்களைச் சீவுதல்

'கத்தரிக்கோல் சத்தத்தில் விடிந்தது அந்தத் தெரு—' (இந்த வரியை அடித்துவிட்டேன். எந்தத் தெருவும் அப்படி விடிவதில்லை.)

நேராகவே சொல்கிறேன். சிகிச்சையில் அவர் மனைவிக்கு முடி முழுக்கக் கொட்டிவிட்டது. நோய் போய்விட்டது; ஆனால் நான்கு மாதமாக அந்த அம்மா கண்ணாடி பார்ப்பதில்லை. வீட்டுக் கண்ணாடிமேல் போர்வை தொங்குகிறது. கடையில் ஆறு கண்ணாடி வைத்திருப்பவருக்கு இது பொறுக்கவில்லை. தாளில் காட்டினாலாவது தன் முகத்தைப் பார்ப்பாள் என்று பென்சிலை எடுத்தார்.

3. புருவக் கோடு, மூக்குக் கோடு

பிறகு தாடை, கண், வாய், நிழல். முடி கடைசிப் படி. இவர் கை கேட்டால்தானே? முப்பது வருடப் பழக்கத்தில் நேரே முடிக்கு ஓடியது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்து வரைந்த படங்களில் கூந்தல் அலையலையாக இருந்தது, அடியில் ஆளே இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தார். "யாருங்க இது? விக் விளம்பரமா?"

4. தாடை

(இங்கே பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். தினமும் தலையைத் தொடுகிறவருக்கு மண்டை தெரியாதா? கேட்டேன். "விரலுக்குத் தெரியும் சார். கண்ணுக்குத்தான் தெரியல.")

5. கண், வாய்

'அவர் வரைந்து முடித்தபோது எதிரே நாற்காலி காலியாக—'

சோகமாக முடித்தால்தான் கதைக்கு மரியாதை என்று எனக்கொரு கெட்ட புத்தி. அடுத்த முறை முடிவெட்ட உட்கார்ந்தபோது அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் காதருகே கத்தரி நின்றது.

"நல்லா இருக்கற என் வீட்டம்மாவ எதுக்கு சார் சாகடிக்கறீங்க? நேத்து என்ன நடந்துச்சுன்னு கேளுங்க."

6. நிழல்

நேற்று கடை விடுமுறை. மனைவியே அவர் எதிரே வந்து உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்திருக்கிறார்.

"முடியப் பாத்துத்தானே கோட்டை விடறீங்க? இப்பத்தான் அது இல்லையே. வரைங்க."

இவர் கண்ணை மூடி அந்தத் தலையைத் தடவினார், வட்டம் போட்டார். மறுபடி தடவினார், பக்கங்களைச் சீவினார். படிக்குப் படி விரல் முதலில், பென்சில் பிறகு. ஆறாம் படியில் தாளை நீட்டினார்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "நான்தாங்க," என்றார். பிறகு, "காது இவ்ளோ பெரிசா?" என்று விறுவிறுவென எழுந்து போய், போர்வையை இழுத்து எறிந்துவிட்டுக் கண்ணாடியில் சரிபார்த்தார்.

"பெரிசுதான்!"

மனிதர் ஜெயித்துவிட்டார். கழுத்தில் துணியோடு நாற்காலியில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

7. முடி

"ஏழாவது படி பாக்கி இருக்கே?" என்றேன்.

"முளைக்கட்டும் சார். பாத்துப் போடறேன்."

அதனால் நானும் இந்தப் படியை எழுதப்போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். சுருட்டையோ நீளமோ, உங்கள் இஷ்டம்போல் வரைந்துகொள்ளுங்கள். இப்போது அடியில் ஆள் இருக்கிறார்.