தண்ணீர் ஏறாத இடம்

தூக்குவாளியைத் திறந்ததும் ஆவி பறந்தது. கொட்டிக்கிழங்கை அவித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எடுத்து வந்திருந்தாள் மலர்க்கொடி. திருச்சியிலிருந்து வந்த சுதர்சன் சார் ஏரிக்கரையடியில், கருவேல நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏரியோரம் பள்ளிக்கூடம் கட்டினால் ஏரிக்கு என்ன ஆகும், பறவைகளுக்கு என்ன ஆகும், கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்து எழுதித் தரவேண்டியவர் அவர். அவர் எழுதுவதை வைத்துத்தான் மேலே கையெழுத்து விழும்.

சித்திரை வெயிலில் ஏரி வற்றிக் கிடந்தது. தூரத்தில் கானல் மட்டும், இல்லாத தண்ணீரை அலையடிக்க வைத்துக்கொண்டிருந்தது. மலர்க்கொடிக்குக் கொஞ்ச நாளாகவே, பள்ளிக்கூடம் வரப்போகும் அந்த இடத்தில் வேறொன்று தெரியும். மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, வாசலில் வரிசையாகச் சின்னச் செருப்புகள். மணியடித்தால் அவள் அடுப்படி வரை கேட்கும். ஒருநாள் சோறு வடிக்கும்போது நிஜமாகவே மணி கேட்டு, கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். கட்டாத பள்ளிக்கூடத்து மணி காதில் விழுகிறது என்றால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் படிக்க, அரியலூர்ப் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகள் வரும் சாலையில் நான்கு கிலோமீட்டர் போகவேண்டும். போன தை மாதம் செல்வம்மாள் மகளின் சைக்கிளை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. மலர்க்கொடியின் மகள் ஜோதி இப்போதுதான் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இன்னும் இரண்டு வருடம்.

அதனால்தான் ஊராட்சித் தலைவர் அமிர்தலிங்கம் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார். யார் கேட்டாலும், இந்தப் பக்கம் தண்ணீர் ஏறாது. மூன்று நாளாக ஊரே அதை ஒப்பித்துப் பழகியது. எல்லாம் சரி, வந்த மனிதரைப் பச்சைத் தண்ணீரோடு அனுப்ப மலர்க்கொடிக்குத்தான் மனம் வரவில்லை. விடியும் முன்பே கிழங்கு தோண்டக் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"சாப்புடுங்க சார். டவுன்ல இதெல்லாம் கெடைக்காது. காலையிலதான் தோண்டுனேன்."

"எங்கம்மா தோண்டுனீங்க?"

"இதோ, உங்க நாக்காலிக்குப் பின்னாடிதான்." பெருமையாகத்தான் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற அமிர்தலிங்கம் இருமினார். இருமி என்ன பயன்? சுதர்சன் சார் ஒரு கிழங்கின் தோலை உரித்து வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"எங்கம்மாவும் அவிப்பாங்க. மாசக்கணக்கா தண்ணி நின்ன எடத்துலதான இது வெளையும்?"

மலர்க்கொடியின் முகம் செத்துப்போனது. ஊர்ப் பிள்ளைகள் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று தூக்குவாளியைப் பட்டென்று மூடினாள்.

"அது எப்பவோ ஒரு வருசம்ங்க" என்றார் அமிர்தலிங்கம் அவசரமாக.

"மண்ணடிச்சு ஒசத்திக் கட்டலாமே சார்?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"ஒசத்தலாம்மா. இங்க நிக்கவேண்டிய தண்ணி அப்பறம் உங்க தெருவுக்குத்தான் வரும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எம்மாம் ஏறும்னு சரியா சொன்னீங்கன்னா, மேட்டுல வேற எடம் கேட்டு எழுதலாம். அது எத்தன வருசம் இழுக்கும்னு எனக்குத் தெரியாது."

எத்தனை வருடமோ. ஜோதிக்கு இருப்பது இரண்டே இரண்டு.

மலர்க்கொடி அந்தப் பச்சைக் கதவைப் பார்த்தாள். கதவின் கீழே தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. பெஞ்சின் மேல் நத்தைகுத்தி நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியே போயின, எங்கோ போகவேண்டியவை போல. எத்தனை அழகாக இருந்ததோ அத்தனை பயமாகவும் இருந்தது.

"ஏறும் சார்."

"மலரு, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றார் அமிர்தலிங்கம்.

"நம்ம புள்ளைவோ ஒக்காரப்போற எடம்ண்ணே. மார்கழியில நீங்களே இங்கதான தூண்டி போடுவீங்க?"



மலர்க்கொடி எழுந்து கரையடியிலிருந்து நடந்தாள். உள்ளங்கையைத் தண்ணீர்மட்டம் போலக் கிடையாக நீட்டியிருந்தாள். முதலில் குனிந்து முழங்காலில் வைத்தாள். தரை இறங்க இறங்க, கை இடுப்புக்கு வந்தது. சுதர்சன் சார் அளவுக்கோலை ஊன்றிக் குறித்துக்கொண்டே பின்னால் வந்தார். கட்டடம் வரப்போகும் இடத்தைச் சுற்றி ஊர்க்காரர்கள் ஆசையாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி உள்ளே போய் நின்றபோது கை அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

லீவில் விளையாடிக்கொண்டிருந்த ஜோதி ஓடிவந்தாள். "அம்மா, ஆறாப்பு இங்கயா வரும்?" என்று கேட்டபடி கோட்டைத் தாண்டி வந்து, அம்மாவை ஒட்டி நின்றாள்.

மலர்க்கொடி கையை இறக்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே, இரண்டு விரற்கடை தள்ளி, ஜோதியின் உச்சந்தலை இருந்தது.