மயில்துத்தத்துக்கு அஞ்சாத கிருமி

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாளவிகாவுக்கு வேலை. நகருக்குள் இன்னும் மாடு வைத்திருப்பவர்களின் கொட்டகைகளுக்குப் போய்ச் சாணம் எடுத்து வருவாள். அதிலிருக்கும் கிருமிகளைத் தாமிரம் கலந்த தட்டில் வளர்த்துப் பார்ப்பாள். சாதாரணக் கிருமி அதில் செத்துவிடும். மேற்கு மாம்பலம் சண்முகவடிவின் கொட்டகையிலிருந்து வந்தது மட்டும் தயிர் உறைந்த மாதிரி தட்டு முழுக்கப் பரவி நின்றது. மருந்துகளை வைத்தும் சோதித்தாள். கன்றுகளுக்கு வழக்கமாகப் போடும் ஊசி மருந்துகளில் பெரும்பாலானவை அதனிடம் எடுபடவில்லை.

காரணத்தை ஊகிக்க முடிந்தது. குளம்பு அழுகாமல் இருக்க, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் மாடுகளை நிறுத்துவாள் சண்முகவடிவு. பிறகு அதைச் சாணக் குழியில் கொட்டிவிடுவாள். துத்தத்தில் இருப்பது தாமிரம். அதைத் தாங்கிப் பிழைத்த கிருமிகள், மருந்தைத் தாங்கும் திறமையையும் கூடவே வைத்திருந்தன.

"இப்போ அவாகிட்ட சொல்லாதேம்மா," என்றார் பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன். "தெரிஞ்சா துத்தத்தை நிறுத்திடுவா. அப்புறம் மழைக்காலத்துச் சாம்பிளை எதோட ஒப்பிடறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாளவிகா தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை காலை சண்முகவடிவே போன் செய்தாள். "கன்னுக்குட்டிக்கு ஒரே கழிச்சலா கீதும்மா. டாக்டர் ஊசி போட்டுக்கினே கீறாரு, ஒண்ணும் கேக்கல. நீ சாணியப் பாக்கிற பொண்ணாச்சே, உனுக்கு எதுனா தெரியுமா?"

"கேட்டுச் சொல்றேன்க்கா" என்று போனை வைத்தாள். கேட்பதற்கு யாரும் இல்லை, தெரிந்தது அவளுக்குத்தான். எதிரே தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கை வைக்காமலே எழுந்து ஸ்கூட்டரை எடுத்தாள்.

கன்று சாக்கின் மேல் கண் குழிவிழுந்து கிடந்தது. சண்முகவடிவின் கணவர், ஆட்டோ ஓட்டும் பொன்ராஜ், பாட்டிலில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர் சாய்நாத் ஊசியில் மருந்தை ஏற்றினார். மாளவிகா மருந்தின் பெயரைக் கேட்டாள்; தட்டில் எடுபடாதவற்றில் அதுவும் ஒன்று.

"டாக்டர், இது இங்கே கேட்காது," என்று தொடங்கி, துத்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சாய்நாத் ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப எது கேக்குது?"

பழைய மருந்து ஒன்றின் பெயரைச் சொன்னாள்.

"இதே கிருமிதான்னு உறுதியா?"

"உறுதி இல்ல டாக்டர். இன்னைக்கே சாணம் எடுத்துட்டுப் போய்ப் பாத்துடறேன்."

"அதுவரைக்கும் இது தாங்காது. அந்த மருந்தையே போட்டுப் பாப்போம்."

பொன்ராஜ் அதை வாங்கத் தி. நகருக்கு ஆட்டோவை விரட்டினார். சண்முகவடிவு கன்றின் வாலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ நாந்தான் வெஷம் வெச்சேனா?"

"இல்லக்கா. குளம்பு நல்லா இருக்கணும்னுதானே செஞ்சீங்க. எல்லாரும் செய்யறதுதான்."

"நீ ஏன் மின்னாடியே சொல்லல?"

ஆய்வு, ஒப்பீடு, மழைக்காலம் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அந்தக் கன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். சண்முகவடிவு முகத்தைக் கன்றின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாளில் கழிச்சல் நின்றது. அதற்கடுத்த நாள் கன்று தள்ளாடி எழுந்து பால் குடித்தது. புதுச் சாணத்திலும் அதே கிருமிதான் என்று தெரியவந்தது.

சண்முகவடிவிடம் சொல்லிவிட்டதைப் பேராசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கன்னு எப்படி இருக்கு?"

"பொழைச்சுண்டுடுத்து சார்."

"அந்தக் கொட்டகையை இனிமே ஒப்பீட்டுல சேர்த்துக்க முடியாது," என்றவர், கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "மத்தவாளுக்கும் சொல்லிடு. நிறுத்தினதுக்கப்புறம் கிருமி குறையறதான்னு பார்ப்போம். அதுவும் ஆய்வுதான்," என்றார்.

அடுத்த முறை மாம்பலம் போனபோது நீலத் தண்ணீர் இல்லாமல் கொட்டகைத் தரை காய்ந்திருந்தது. டாக்டர் சொன்னால் மட்டும் துத்தம் என்று ஆகியிருந்தது. சண்முகவடிவு டீயை நீட்டினாள். மாளவிகா குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தேனாம்பேட்டையில எங்க அண்ணி மாடு வெச்சிக்கினு கீறாங்க. கூட்டிக்கினு போறேன். ஆனா எது கண்டாலும் ஒடனே சொல்லிடணும்."

"சொல்லிடறேன்க்கா."

பொன்ராஜ் ஆட்டோவைக் கிளப்பினார். இருவரும் ஏறிக்கொண்டார்கள்.