ஆராயியின் ரத்தம்

பிரபா தன் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி உரித்தாள். அந்தக் குழாயில் இருந்தது அவளுடைய ரத்தம். காலையில் கூட வேலை பார்க்கும் அனு வாத டெஸ்டுக்கு எடுத்துக் கொடுத்தது. பக்கத்துக் குழாயில் இருந்தது அதே டெஸ்டுக்குச் செய்யூரிலிருந்து வந்த ஆராயியின் ரத்தம். பத்து நிமிஷத்துக்கு முன் பிரபாவே எடுத்தது. இரண்டு ஸ்டிக்கரையும் இடம் மாற்றி ஒட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செங்கல்பட்டில் அந்த லேபில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள் கையில் ஒரு குழாய்கூட மாறியதில்லை என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார்.

நாலு வருஷமாக அவளுக்கு உடம்பு முழுக்க வலி. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று இன்ன இடம்தான் என்றில்லை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும், அந்த எட்டு மணி நேரமும் மூட்டை தூக்கியவள் போலத்தான் எழுந்திருப்பாள். எடுக்காத டெஸ்ட் இல்லை. தைராய்டு, வைட்டமின், வாதம், எல்லாம் நார்மல். நார்மல் என்ற சொல்லை அவளைப் போல் வெறுத்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டார்கள்.

அளவு மீறிய எண்ணுக்குப் பக்கத்தில் மிஷின் ஒரு ஸ்டார் போடும். ரிப்போர்ட் வரும்போதெல்லாம் கணவன் பரணிதரன் தாளைத் திருப்பித் திருப்பி அதைத்தான் தேடுவான்.

"ஒரு ஸ்டாரு கூட இல்ல. அப்பறம் இன்னா வலி உனக்கு?"

மகாபலிபுரத்து ரிசார்ட் ஒன்றில் வேலை செய்கிறவர்களை ஏற்றி இறக்கும் சொந்த வேன் ஓட்டுகிறான். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. நம்பாமல் இருப்பது மட்டும்தான் அவன் குறை. அந்த ஒரு குறையோடு குடித்தனம் நடத்துவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று பிரபாவைத்தான் கேட்க வேண்டும்.

ஆராயி அன்று நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியபோது, விரல் மூட்டெல்லாம் இஞ்சிக் கிழங்கு போல வீங்கியிருந்தது. நரம்பும் சரியாகக் கிடைக்கவில்லை. ஒரு குழாய் நிறைவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதைப் பார்த்தாலே எந்த டாக்டருக்கும் தெரிந்துவிடுமே, இந்த அம்மாவுக்கு ரிப்போர்ட் எதற்கு என்று பிரபாவின் மனம் வக்கீல் வேலை பார்த்தது. வெளியே தெரியாத வலிக்காரிக்குத்தானே தாள் வேண்டும் என்றும் வாதாடியது. வழக்கில் ஜெயித்தும் விட்டது.

சாயங்காலம் அவள் பெயரில் வந்த தாளில் மூன்று ஸ்டார்.

பரணிதரன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து போய், அவள் தூக்கப்போன தண்ணீர்க் குடத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். மறுநாள் இட்லிக்கு அவனே மாவு ஊற்றினான். "எனக்கு இன்னா தெரியும், பிரபா? நீ சும்மா சொல்லிகினு கீறன்னு நெனச்சிட்டேன்" என்றான். நாலு வருஷமாக ஏங்கிய சொல். காதில் விழுந்ததும் அவள் அடுப்பைத் தணிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அவனே லீவு போட்டுவிட்டு, வாத நோய் டாக்டர் உலகநாதனிடம் அழைத்துப் போனான். ஆராயிக்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். செங்கல்பட்டில் அதற்கென்று படித்தவரை விட்டுவிட்டு வேறு யாரிடம் போவது? வாசல் ஏறும்போதே பிரபா, பெஞ்சில் ஆராயி உட்கார்ந்திருக்கிறாளா என்று தேடினாள்.

டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு அவளுடைய ஒவ்வொரு மூட்டையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு தோள்பட்டை, முழங்கையின் பக்கம், இடுப்புச் சதை. அவர் லேசாகத் தொட்ட இடத்திலெல்லாம் அவள் துடித்தாள்.

"மூட்டுல வீக்கமே இல்லையேம்மா. வலி சதையிலதான் இருக்கு. எப்ப ஆரம்பிச்சுது?"

"சிக்குன்குனியா வந்துச்சி சார். அதுக்கப்பறம்."

"ஜுரம் மட்டும்தானா? அந்தச் சமயத்துல வேற ஏதாவது?"

பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான். பிரபாதான் சொன்னாள். "வயித்துல ஏழு மாசம், சார். தங்கல. இருபதாம் நாளு வேலைக்குப் போய்ட்டேன். வூட்ல யாரும் அதப் பத்திப் பேசறதில்ல."

"தூக்கம்?"

"அன்னிலேர்ந்து சரியில்ல."

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி வலி இருந்துதா?"

"எங்கம்மாவுக்கு. சோம்பேறின்னு பேர் வாங்கிச்சி."

டாக்டர் பேனாவை மூடினார். "இந்த ரிப்போர்ட் மட்டும் என் கையில இல்லன்னா ஃபைப்ரோமயால்ஜியான்னு இப்பவே எழுதிடுவேன். நரம்பும் மூளையும் வலியைப் பெருசு பண்ணிக் காட்டுற நோய். பூனை உரசினாலே அலறுற பைக் அலாரம் மாதிரி. சில பேருக்கு அம்மா வழியா வரும். ஒரு ஜுரமோ, மனசுல இறங்கின துக்கமோ, தூக்கம் கெட்டதோ அதைக் கிளப்பி விட்டுடும். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. மனசுல ஆரம்பிச்சாலும் வலிக்கிறது உடம்புதான். டெஸ்ட்ல எதுவும் தெரியாது. ஆனா உங்க டெஸ்ட்ல தெரியுதே."

பிரபாவின் வலிக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அதற்கு ஸ்டாரே தேவையில்லை. நேராக இவர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சார், செய்யூர்லேர்ந்து ஆராயின்னு ஒரு அம்மா... ரிப்போர்ட்டோட வந்தாங்களா?"

"வரச் சொன்னேன். வரலை. ஏன்?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆராயியின் ரிப்போர்ட்டை அனுப்பிய நம்பர் அதிலேயே இருந்தது. எடுத்தது ஆராயியின் மகன் மணி.

"டாக்டராண்ட இன்னாத்துக்கு போவணும்? நானே பாத்துட்டேன், ஒரு ஸ்டாரு கூட இல்ல. வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்குது கெழவி. மல்லாட்ட புடுங்க வுட்டுக்கீறேன்."

"அவங்களாண்ட குடுங்க."

கடலைச் செடிகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஆராயியின் குரல். "லேபு பொண்ணா? நெசமாவே வலிக்குதும்மா. செடியப் புடிக்க முடியல. ஆனா ரிப்போர்ட்டு ஒண்ணுமில்லங்குதாமே. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோ இன்னாவோ."

அச்சு அசலாக இதே வார்த்தையை பிரபா கண்ணாடி முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள். தனக்குச் செய்யப்பட்டதைத் தன் கையாலேயே இன்னொருத்திக்குச் செய்திருக்கிறாள். போனை வைத்தாள். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும். அதைவிட, குடத்தை வாங்கிய அந்தக் கை போகும்.

உள்ளே போய், உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

பரணிதரன் எழுந்துவிட்டான். "அப்ப உனக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இருக்கு. இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன்" என்றார் டாக்டர். பிரபாவை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. "லேபுக்கு நானே போன் பண்றேன். அந்த அம்மாவுக்கு இன்னைக்கே மறுபடியும் ரத்தம் எடுக்கணும்."

அன்றே பரணிதரனின் வேனில் மதுராந்தகம் தாண்டி செய்யூர் போனார்கள். ரத்தம் எடுக்க அனுவும் வந்திருந்தாள். பிரபாவின் கையில் இனி ஊசி கொடுக்கக் கூடாது என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார். இறங்கும்போது பரணிதரன் கை கொடுக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளாகவே இறங்கினாள்.

ஆராயி வரப்பில் உட்கார்ந்து, மண் ஒட்டிய கையை அனுவிடம் நீட்டினாள். ஸ்டிக்கரை மாற்றிய கதையை பிரபா ஒளிக்காமல் சொன்னாள். மணி அடிக்க வருகிறவன் போலப் பக்கத்தில் வந்தான். ஆராயிதான் "வுட்றா" என்று தடுத்தாள்.

"செரி, இந்த ரிப்போர்ட்டு எப்ப வரும்?" என்று அவன் உறுமினான். "அப்பத்தான உண்மை தெரியும்."

"நாளைக்கு வரும். அதுல ஸ்டாரு இருந்தாலும் இல்லன்னாலும் உங்கம்மாவுக்கு வலிக்குது" என்றாள் பிரபா. "அவங்களே சொல்றாங்க இல்ல?"

வேன் கதவில் சாய்ந்து நின்ற பரணிதரனுக்கும் அது கேட்டது. அவன் வரப்பில் நடந்து பிரபாவிடம் வந்தான்.

"உனக்கு இப்ப எங்க வலிக்குது?" என்று கேட்டான்.

நாலு வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கிருந்து தொடங்குவது என்று பிரபாவுக்குத் தெரியவில்லை.