அடித்தது மேல்கையில்

என் அண்ணன் வைகுண்டராஜன் நடிக்கிறான் என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் அடித்தது அவன் வலது மேல்கையில். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மம்பட்டியின் மரப்பிடியான கணையால், ஒரே ஒரு அடி. அவனுக்குத் தொங்கியதோ மணிக்கட்டு. தலையில் கொட்டினால் கால் விரல் சுளுக்குமா?

சண்டை ஏழு ரப்பர் மரத்துக்காக. பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் இடையில் அவை வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசை யாருக்கு என்று சொல்லாமலே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சண்டையன்று காலை அண்ணன் பால் வெட்ட அதில் கத்தி வைத்தான். நான் கணையைத் தூக்கினேன். எலும்பு முறிந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. போலீசுக்குப் போகவேண்டாம், எலும்பு கூடட்டும், பிறகு பேசலாம் என்றார் தாய்மாமன்.

எலும்பு கூடியது. முழங்கையை மடக்கினான், நீட்டினான். கையை முன்னால் நீட்டச் சொன்னால் மட்டும் மணிக்கட்டையும் விரல்களையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். பால் வெட்டுகிற கை போய்விட்டது, அதற்கு ஈடாக ஏழு மரத்தையும் எழுதிக்கொடு என்று மாமன் சொல்லியனுப்பினார். டாக்டர் சீட்டு இருக்கிறதாம். சீட்டு யாருக்குத்தான் கிடைக்காது?

அவனைப் பொய்யனாக்க வழி தேடித் திருவட்டாறில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஷீஜா என்று ஒரு பெண். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. மேலே அடிபட்டால் கீழே தொங்குமா என்றுதான் கேட்டேன். அவள் மேசையிலிருந்த பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை எடுத்து என் கையில் தந்தாள்.

"இது மேல்கை எலும்பு. பின்பக்கம் விரல் வச்சுப் பாருங்க அண்ணே."

தடவினேன். சாய்வாக ஒரு பள்ளம் ஓடியது.

"அந்தப் பள்ளம் வழியா ஒரு நரம்பு எலும்பை ஒட்டியே சுத்திக் கீழ இறங்கும். மணிக்கட்டையும் விரலையும் தூக்கி நிறுத்துதது அதுதான். இந்த இடத்துல எலும்பு ஒடிஞ்சா நரம்பும் நசுங்கிரும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "நடிச்சா கண்டுபிடிக்கலாமா?"

"எனக்க விரலை இறுக்கிப் பிடிங்க."

பிடித்தேன். நான் நினைக்காமலே என் மணிக்கட்டு மேலே எழும்பி நின்றது.

"பாத்தியளா? முறுக்கிப் பிடிச்சா தானா எழும்பும். நடிக்குதவனுக்கும் எழும்பும், அவனுக்கே தெரியாது. நரம்பு போனவனுக்கு இன்னும் கீழ மடங்கும்."

எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றே மாமன் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் கூட்டச் சொன்னேன். வந்தவர்கள் முன்னால் ஷீஜா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். மாமனையே என் விரலைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினேன். எழுபது வயது மணிக்கட்டும் எழும்பியது.

"கூடப்பொறந்தவனைக் கள்ளனாக்கப் படிச்சிட்டு வந்திருக்கு" என்றாள் அண்ணன் பெண்டாட்டி தாணம்மாள் மைனி.

அண்ணன் முன்னால் வந்து நின்றான். என் இரண்டு விரல்களைப் பிடித்தான்.

"முறுக்கு" என்றேன்.

முறுக்கினான். மேல்கைச் சதை உருண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. மணிக்கட்டு கீழே மடங்கிப் போயிற்று. என் விரல்களைச் சுற்றியிருந்த பிடியில் ஒரு பலமும் இல்லை. இன்னொரு தடவை என்றேன். அதேதான். மூன்றாவது தடவை மைனி என் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கு இரக்கம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் தோற்ற ஆத்திரம்தான் வந்தது. அதற்கும் அடியில், நான்தான் செய்தேன் என்கிற பயம் இருந்தது.

"பின்ன என்ன, மரத்தை எழுதிக் குடுலே" என்றார் மாமன்.

"எழுதுகேன்."

"எனக்கு மரம் வேண்டாம்" என்றான் அண்ணன். "இவனுக்க கை வேணும்."

மாமன் எழுந்து எங்கள் நடுவே வந்து நின்றார்.

"பயப்படாதிங்க மாமா, நான் வெட்டி எடுக்க மாட்டேன். எனக்க கை எழும்புத வரைக்கும் எனக்க முந்நூறு மரத்திலயும் இவன் பால் வெட்டணும். நான் பொறவால நிப்பேன்."

இப்போது இரண்டு மாதமாக, விடியுமுன்னே என் மரங்களில் பால் வெட்டிவிட்டு அவன் தோட்டத்துக்குப் போகிறேன். பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, கத்தி வைத்து, பால் வடிகிற சிரட்டையை நிமிர்த்தி, அடுத்த மரம். அவன் பின்னாலேயே வருகிறான். "ஆழமா போவுது." "பட்டையைக் கொல்லாத." இதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. ஒருநாள்கூட ஒரு வாய் தண்ணீர் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. என் தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. அவன் கை சரியாகவேண்டும் என்று மைனியைவிட நான்தான் அதிகம் கும்பிடுகிறேன். பாசமென்று யாரும் நினைக்கவேண்டாம்.

நேற்று ஒரு மரத்தடியில் நின்று அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். அவன் கவனித்துவிட்டான்.

"என்ன பாக்கியா? நல்லாப் பாரு" என்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவன் பல்லைக் கடித்தான். மணிக்கட்டு ஒரு நெல்மணி அளவு உயர்ந்து, விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணே, எழும்பிச்சு" என்றேன். அடித்த நாளுக்குப் பிறகு நேற்றுதான் அவனை அண்ணே என்று கூப்பிட்டேன்.

அவன் கையை இறக்கி மற்றக் கையால் அணைத்துக்கொண்டான்.

"நடிக்கேன்" என்றான். "அடுத்த மரத்துக்குப் போ."